விலை குறைந்த மவுஸ்

என் மனைவி திருமலைராயன்பட்டினத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. முதலில் அவளுடைய பேச்சு குழற ஆரம்பித்தது. டீச்சர் சொல்வது புரியவில்லை என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும் நோய், மருந்து கிடையாது என்றார்கள். எத்தனை நாள் என்று நான் கேட்டேன். ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு என்று டாக்டர் சொன்னபோது அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் நான் சொல்லவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்குள் குரல் முழுக்கப் போய்விட்டது. நடையும் நின்றது. பேனாவைப் பிடிக்க முடியவில்லை. வலது கையை மேஜைமேல் வைத்தால் நகர்த்துவாள், ஆள்காட்டி விரலால் அழுத்துவாள், அவ்வளவுதான். என் ஆபீசில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து போலகத்தில் எங்கள் வீட்டில் வைத்தேன். திரையிலேயே எழுத்துப் பலகை வரும். மவுஸை நகர்த்தி ஒவ்வொரு எழுத்தாக அழுத்துவாள். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பாள். ஒரு வாக்கியத்துக்குக் கால் மணி நேரம் ஆகும். ஆனாலும் அது அவள் பேச்சு.

கூடவே வந்த பழைய மவுஸின் அடியில் உருண்டை இருந்தது. அழுக்கு சேர்ந்து அடிக்கடி சிக்கிக்கொள்ளும். புதிது வாங்கக் காரைக்காலில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பெயர் தெரிந்த கம்பெனி, மூன்று வருஷ வாரண்டி. மற்றது பெயரே இல்லாதது, விலை நாலில் ஒரு பங்கு.

"கம்பெனி ஐட்டத்துக்கு நான் பொறுப்பு சார். இது ஓடும், ஆனா எவ்ளோ நாள்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க," என்றார்.

அந்த இடத்தில் என் மனசில் ஓடியதை மறைக்காமல் எழுதவேண்டும். மூன்று வருஷ வாரண்டி யாருக்கு என்று நினைத்தேன். அவளுக்கு மீதியிருக்கும் மாதங்களைக் கணக்குப் போட்டு, அதற்கு இது போதும் என்று விலை குறைந்ததை எடுத்தேன். நல்ல கம்பெனியுடையது கிடைக்கவில்லையா என்று அவள் வீட்டில் திரையில் அடித்துக் கேட்டாள். ஸ்டாக் இல்லை என்றேன்.

ஒரு மாதத்திலேயே அது ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை என்று எடுத்துக்கொண்டது. 'வலி' என்று அடித்தால் ஒவ்வொரு எழுத்தும் இரட்டையாக விழும். அழிக்கப் போனால் இரண்டிரண்டாக அழியும். அவள் பொறுமையாக மறுபடி அடிப்பாள். மாற்றித் தருகிறேன் என்று நானும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் ஆபீசில் இருந்தேன். வீட்டில் அவளுடன் இருந்தது என் மாமியார். காலையில் மவுஸ் அடியோடு நின்றுவிட்டது. அவள் கண்ணால் ஏதோ கேட்டிருக்கிறாள், தொண்டையிலிருந்து ஒலி எழுப்பியிருக்கிறாள். மாமியாருக்குப் புரியவில்லை. நான் சாயங்காலம் வந்தபோது அவள் முகம் கறுத்து, மூச்சில் கரகரவென்று சத்தம் கேட்டது.

"தண்ணிதான் கேக்குதுன்னு நெனச்சேன் மாப்ள. மூணு தடவ குடுத்தேன். பொரை ஏறிக்கிட்டே இருந்துச்சு," என்றார் மாமியார்.

போர்வையை விலக்கினேன். இடது கால் மடங்கி உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. காலை நேராக்கு என்பதைத்தான் பகல் முழுக்கக் கேட்டிருக்கிறாள்.

தண்ணீர் நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சல் கண்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்தபோது உடம்பு பாதியாகியிருந்தது. மாமியார் அதற்குப் பிறகு அவளுக்குத் தண்ணீர் கொடுக்கவே பயந்தார். தப்பு அவருடையது இல்லை என்று நான் சொல்லியிருக்கவேண்டும். யாருடையது என்று கேட்டுவிடுவாரோ என்று சொல்லாமல் இருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே அந்தக் கம்பெனி மவுஸை வாங்கிவந்தேன். ஒரு எழுத்துகூடத் தவறாமல் விழுந்தது. முதலில் அவள் அடித்தது, "இப்ப மட்டும் எப்படிக் கிடைச்சுது?"

"அன்னிக்கும் கடையில இருந்துச்சு. நான்தான் வாங்கல," என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நானே சொன்னேன், டாக்டர் சொன்னதையும் சேர்த்து.

அவள் விரல் நகர்ந்தது. நான் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். "தெரியும். உங்க இடத்துல நானும் அதத்தான் வாங்கியிருப்பேன்."

அவள் அப்படி வாங்கியிருக்கமாட்டாள். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

நாலு மாதம் அதில் பேசினாள். பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான்: ஃபேனைக் குறைங்க, அம்மா சாப்பிட்டாங்களா, பள்ளிக்கூடத்தில் புதுசாக யார் வந்திருக்கிறார்கள். தை மாதம் ஒரு காலையில் விரல் அழுத்த மறுத்துவிட்டது. மவுஸில் கோளாறு இருக்குமோ என்று நான் கழற்றி மாட்டிப் பார்த்தேன். என் விரலுக்கு அது சரியாகவே வேலை செய்தது.

அதற்குப் பிறகு நான் எழுத்துகளை வரிசையாகச் சொல்ல, வேண்டிய எழுத்தில் அவள் கண்ணை மூடிக் காட்டுவாள். பங்குனியில் அதுவும் நின்றது. பத்து நாளில் இறந்தாள்.