பின்னோக்கி ஓடிய பேருந்தும் பொருந்தாத சாதகங்களும்

காதல் நாவல் எழுதுபவன் ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லித் தப்பிவிடலாம். வீட்டுக்கு விளக்கம் சொல்லித் தப்பவே இயலாது. இத்தொழிலில் என்னோடு சேர்ந்து அல்லற்படும் அன்பர்கள் இதனை நன்கறிவர்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். உடுவிலில் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்த காலத்தில், சாமான் சுற்ற வந்த பழைய பத்திரிகைகளைச் சுற்றுவதற்கு முன் வாசித்தே தமிழ் பழகினேன். ஓய்வு பெற்றபின், எவருடைய உதவியுமின்றி, ‘பின்னோக்கி ஓடிய பேருந்து’ என்னும் நாவலை எழுதி முடித்தேன். குகநேசன் என்ற இக்கால இளைஞன் பருத்தித்துறையில் பேருந்து ஏறுகிறான். உடுவிலில் இறங்கும்போது அது நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய உடுவிலாக இருக்கிறது. அங்கே சரோஜினி என்பவள்மீது காதல் கொள்கிறான். ஆயினும் மாலைப் பேருந்தில் தன் காலத்துக்குத் திரும்பியே ஆகவேண்டும். அவனுக்கு ஓர் இரவு கழிந்தால் அவளுக்கு ஓராண்டு கழிந்துவிடும். பேருந்துத் தரிப்பிடத்தில் காத்து நின்றே அவள் அவனிலும் மூத்தவளாகி விடுகிறாள். இதுவே கதை.

இதனை என் மனைவி பரிமளம் வாசிக்கவேண்டும் என்பதே என் ஒரே ஆசை. வாசிகசாலையிலுள்ள காதல் நாவல்களில் அவள் கைபடாதது ஒன்றில்லை. என்னுடையதை மட்டும் அவள் தொடவில்லை. காரணம் கேட்டேன்.

“இந்த வயசிலை காதல் கதை! முதலிலை ஊர் வாசிக்கட்டும். ஊர் சிரிக்காமல் விட்டால் நானும் வாசிக்கிறன்.”

ஒழுங்குபடுத்தப்பட்ட காதல்

யாழ்ப்பாண நகரில் ஓர் அச்சகத்தில் கையெழுத்துப் பிரதியை ஒப்படைத்தேன். அங்கே கணினியில் எழுத்துக் கோர்க்கும் தர்சிகா என்ற பெண் மிகுந்த பொறுப்புணர்ச்சி உடையவள். அச்சுப்படி திருத்த எனக்குத் தந்த தாள்களில் சரோஜினி முதலாம் அதிகாரத்தில் பிறந்து, மூன்றாவதில் பூப்பெய்தி, பத்தாவதில் நரை கண்டிருந்தாள். என் நாயகனோ அவள் கதை முற்றாக முடிந்தபின், கடைசி அதிகாரத்தில்தான் பேருந்தே ஏறுகிறான்! இருவரும் சந்திக்கும் இடமே நாவலில் இல்லாமற் போயிற்று.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்ன நடந்ததென்று கேட்டேன். அவள் சற்றும் கலங்கவில்லை.

“ஐயா, நீங்கள் தாளுகளைக் கலைச்சுப்போட்டுத் தந்திட்டியள். நான்தான் பொறுமையாய் இருந்து வருசப்படி அடுக்கினனான். ஒரு நன்றியும் சொல்லுறியள் இல்லை!”

மணிக்கூட்டுக்கு நேர்ந்தது

நூல் ஒருவாறு செம்மையாக வெளிவந்தது. வெளியீட்டு விழாவுக்கு முன்னரே சில பிரதிகளைப் பையிலிட்டுக்கொண்டு பருத்தித்துறைக்குப் போய், திரும்பும் பேருந்தில் இருந்தேன். பக்கத்து இருக்கையிலிருந்த கனவான் ஒருவர் நூலை வாங்கிப் புரட்டினார். பின்னட்டையை வாசித்துவிட்டு, காலம் முன்னுக்கன்றிப் பின்னுக்கு ஓடாது, இது விஞ்ஞானத்துக்கு முற்றிலும் விரோதமானது என்று உரத்த குரலில் தீர்ப்பளித்தார். பேருந்து முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஊர் சிரிக்கத் தொடங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது வெறும் மீன்கூடையோடு படியருகே நின்ற அம்மா ஒருவர், கனவானை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாய்திறந்தார்.

“ஏன் ஓடாது? அரசாங்கம் ஒருக்கால் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளிப்போட்டுப் பிறகு பின்னுக்கு இழுத்ததை மறந்திட்டியளோ? பழைய நேரம், புது நேரம் எண்டு வீட்டுக்கு ரெண்டு நேரம் வைச்சிருந்த சனம் நாங்கள். என்ரை கடைக்குட்டி எந்த நேரத்திலை பிறந்தவள் எண்டு சாத்திரியார் இண்டைக்கும் முழுசுறார். ஐயா, எனக்கொரு புத்தகம் தாங்கோ!”

மாப்பிள்ளை எங்கே?

நாவலின் ஒன்பதாம் அதிகாரத்தில் இரு வீட்டாரும் சாதகம் பார்க்கின்றனர். யாழ்ப்பாணத்துக் காதலைச் சாதகமின்றி எழுதினால் எவர் நம்புவார்? ஆகவே இரண்டு சாதகங்களையும் கட்டங்களோடு அச்சிட்டேன். புதிதாகக் கணிக்க நான் சோதிடன் அல்லன். குகநேசனுக்கு என் சாதகத்தையும் சரோஜினிக்குப் பரிமளத்தின் சாதகத்தையும் கொடுத்துவிட்டேன். நூலைத் தொடாதவளுக்கு இது தெரிய வழியில்லை.

நூல் வந்த கிழமையே கலியாணத் தரகர் கந்தையா படலையைத் திறந்துகொண்டு வந்தார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் எங்கோ கண்டிருக்கிறார். சுன்னாகத்தில் தோதான பெண் இருப்பதாகவும், குகநேசனின் தாய் தகப்பனைத் தான் உடனே சந்திக்க வேண்டுமென்றும் சொன்னார். அவன் என் கற்பனை என்றேன், நம்பவில்லை. நாற்பது ஆண்டுகள் பின்னுக்குப் போய் நிற்கிறான் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணை, ஒளிக்காதேங்கோ. லண்டனிலை விசா இல்லாமல் நிக்கிறவங்களுக்கே நான் கலியாணம் பேசி முடிச்சனான். சாதகம் கணிச்சது வாக்கியப் பஞ்சாங்கமோ, திருக்கணிதமோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

ஆய்வுரை

வெளியீட்டு விழா எங்கள் வாசிகசாலை மண்டபத்தில் நடந்தது. கதிரைகள் நிறைந்து, பின்னால் நீண்ட மர வாங்குகளும் போட வேண்டியதாயிற்று. ஆய்வுரை நிகழ்த்தியவர் வாசிகசாலைத் தலைவரான சாத்திரியார் நடேசபிள்ளை. எங்கள் ஊரில் மூன்று தலைமுறையாகச் சாதகம் பார்க்கும் குடும்பம் அவருடையது. என் தமிழ்நடையைப் பாராட்டினார். பேருந்தையும் ஏற்றுக்கொண்டார். பின்பு ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்.

“நாயகன் அச்சுவினி, நாயகி கேட்டை. ரெண்டுக்கும் வேதை, ஒண்டுக்கொண்டு ஆகாது. இரச்சுப் பொருத்தமும் இல்லை. லக்கினத்தையும் செவ்வாய் நிக்கிற இடத்தையும் பாருங்கோ,” என்று கட்டம் கட்டமாக வாசித்துக் காட்டினார். “உப்பிடிப்பட்ட ரெண்டு பேர் ஆறு மாதமும் ஒண்டாய் இருக்கமாட்டினம். காலப் பயணத்தை நம்பலாம்; இந்தக் கலியாணத்தை நம்பேலாது!”

மண்டபம் சிரித்தது. என் நாவலின் உயிர் இருந்த இடத்தையே அவர் தொட்டுவிட்டார். ஊர் சிரித்துவிட்டது, இனிப் பரிமளம் வாசிக்கமாட்டாள்.

பின்வாசலில் தேநீர்த் தட்டத்தோடு நின்ற பரிமளம் அதை அருகிலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கதிரைகளின் நடுவால் நடந்து வந்தாள். கட்டங்கள் வாசிக்கப்பட்டபோதே அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது.

“சாத்திரியார், உந்த அச்சுவினியும் கேட்டையும் நாற்பது வருசத்துக்கு மேலாய் எங்கடை குசினியிலை ஒரே மேசையிலை புட்டுச் சாப்பிடுதுகள். அண்டைக்கும் பொருந்தாது எண்டு சொன்னது உங்கடை அப்பாதானே? நாங்கள் அவரைக் கேளாமல் போய்க் கலியாண எழுத்து எழுதினனாங்கள்!”

கடைசிப் பக்கம்

கைதட்டல் அடங்க வெகுநேரம் பிடித்தது. சாத்திரியாரே எழுந்து நின்று தட்டினார், பெருந்தன்மையானவர். முதற்பிரதியைப் பெற அழைத்திருந்த பெரியவர் தாமாகவே அதனைப் பரிமளத்தின் கையில் கொடுக்கும்படி சொல்லிவிட்டார். எழுதிவந்த ஏற்புரையை நான் மடித்துப் பையில் வைத்தேன். அன்று கொண்டுபோன பிரதிகளில், பரிமளத்தின் கையிலிருந்ததைத் தவிர, ஒன்றுகூட வீடு திரும்பவில்லை.

அடுத்த நாட்களில் எங்கள் வீட்டில் சோறு சிலவேளை குழைந்தது, குழம்பு சிலவேளை அடிப்பிடித்தது. நான் மிச்சமின்றிச் சாப்பிட்டேன். ஒரு மத்தியானம் அவள் கடைசிப் பக்கத்தை மூடிக் கண்ணைத் துடைத்தாள். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் மாணவனைப்போல் எதிரே நின்றேன்.

“இஞ்சருங்கோ, நல்லாய்த்தான் எழுதியிருக்கிறியள். ஆனால் அந்தப் பெட்டை எத்தினை வருசத்துக்கு உவனைப் பார்த்துக்கொண்டு தரிப்பிலை நிக்கிறது? பஸ்ஸை அவளிட்டைக் குடுத்திருந்தால் முதல் அதிகாரத்திலேயே கொண்டுபோய் அவன்ரை வாசலிலை நிப்பாட்டியிருப்பாள்!”

காலத்தை நாற்பது ஆண்டுகள் பின்னுக்கு ஓட்ட எனக்கு ஓர் அதிகாரம் போதுமாயிருந்தது. கட்டிய மனைவியை முதற்பக்கம் திறக்கச் செய்யவோ, கதிரை வாங்குகளோடு ஒரு முழு ஊரையும் கூட்டவேண்டியிருந்தது.