வற்றாப்பளைக்கு நான் கொண்டுபோன இறால்

வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குப் போக விரும்பும் மூன்று பேர் வழி கேட்டு எழுதியிருந்தார்கள். பேரைச் சொன்னாலே பொங்கலைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வராத ஊர் அது. மற்ற நாட்களில் அங்கே எப்படி வாழ்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. நான் போனது தொண்ணூற்றொன்பது வைகாசியில். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து தர்மபுரத்தில் இருந்த காலம். பக்தியால் போனேன் என்று சொன்னால் பொய். கடல்நீரில் விளக்கெரியும் என்றார்கள், வேடிக்கை பார்க்கப் போனேன்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குச் சைக்கிளில் புறப்பட்டேன். புதுக்குடியிருப்பு வரை ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். அங்கே காற்றுப்போன ரியூப் ஒட்ட இருபது ரூபா. பிறகு கேப்பாப்பிலவு வழியாக இன்னும் பதினைந்து கிலோமீட்டர். நந்திக்கடலோரம் துடிக்கத் துடிக்க இறால் விற்றார்கள். தங்கப்போகும் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா என்று ஒரு கிலோ வாங்கினேன்.

"பொங்கல் வீட்டுக்கோ?" என்றார் விற்றவர்.

"ஓம்" என்றேன். என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுத் தந்தார்.

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்காரி செல்வராணி அக்கா, என் நண்பனின் தமக்கை. அவருடைய கணவர் மருந்து வாங்க வவுனியாவுக்குப் போய் எட்டு மாதம்; ஒரு தகவலும் இல்லை. அக்கா கிணற்றடியில் நின்றார். நான் சொந்த வீடுபோலக் குசினிக்குள் நுழைந்து, மூலையில் துணியால் மூடியிருந்த புதுப்பானையை எடுத்துத் தண்ணீர் விட்டு இறாலைக் கொட்டினேன். கெட்டுப்போகக் கூடாதே!

அக்கா வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தார். "நல்ல இறால், தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, பானையோடு பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். மதியம் அங்கிருந்து கறியாக வந்தது.

"நீங்கள் சாப்பிடேல்லையோ, அக்கா?"

"நான் விரதம். நீங்கள் வடிவாச் சாப்பிடுங்கோ."

விரத வீட்டின் பொங்கல் பானையில் இறாலைக் கொட்டிவிட்டேன் என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் ஒன்றும் கேட்காமல், இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

திங்கட்கிழமை பொங்கல்; கோயிலில் கால் வைக்க இடமில்லை. கடல்நீர் விளக்கையும் பார்த்தேன். சுற்றிலும் பானைகள் பொங்கிக்கொண்டிருக்க, அக்கா வெறுங்கையோடு நின்றார்.

"அந்தப் பானை... வேற ஒண்டு வாங்கித் தாறன், அக்கா."

"அவர் திரும்பி வரவேணும் எண்டு நேர்ந்து எடுத்தது, தம்பி. வீட்டிலை மீன் மச்சம் பட்டிட்டுது, இந்த வருசம் வைக்கேலாது." பிறகு எனக்கே ஆறுதல் சொன்னார்: "அடுத்த வைகாசிக்கு வைக்கலாம்தானே. நீங்கள் யோசியாதேங்கோ."

வெட்கத்தில் அன்று மாலையே சைக்கிளை எடுத்துவிட்டேன். அடுத்த வைகாசிக்கும் போகவில்லை.

போகிறவர்கள் வெயில் ஏறுமுன் கோயிலுக்குள் போய்விடுங்கள். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். ஊர்வீட்டில் தங்கினால் எதையும் கேட்டுவிட்டுத் தொடுங்கள். அக்கா பிறகு பானை வைத்தாரா, அவருடைய கணவர் வந்தாரா என்று விசாரிக்க இன்றுவரை எனக்கு முகமில்லை. உங்களில் யாராவது அக்காவைக் கண்டால் கேட்டுச் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம்.