ஷியாமளாவின் மணல் மூட்டை

சால்ட் லேக்கில் எங்கள் அரசுக் குடியிருப்பில் மரம் வெட்ட ஆள் வந்தால், முதலில் மரத்தில் ஏறுவது மனிதனல்ல, மூட்டை. மரங்களுக்குப் பொறுப்பான ஜூனியர் இன்ஜினியர் ஷியாமளாவின் சட்டம் அது. ஏறப்போகிறவனின் எடைக்கு மணலை நிரப்பிக் கிளையில் தொங்கவிடுவாள். இன்னொருவன் இடுப்பில் வார் கட்டிக்கொண்டு ஏறி, பத்து நிமிடத்துக்குள் அதைக் கீழே இறக்க வேண்டும். இறக்கினால்தான் அன்று வேலை நடக்கும்.

எனக்கு இது வேடிக்கையாகவும் புதிராகவும் இருந்தது. ஏறத் தெரிந்தவனுக்கு இறங்கத் தெரியாதா என்று ஒருநாள் கேட்டேன். அடிபட்டுத் தொங்குகிறவன் எப்படி இறங்குவான் என்று திருப்பிக் கேட்டாள். அசையாமல் தொங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கும், மயக்கம் வரும், உயிரே போகலாம், தீயணைப்பு வண்டிக்காகக் காத்திருக்க முடியாது என்றாள். சும்மா தொங்கியே ஒருவன் சாவானா? அந்தச் சந்தேகம் என்னை விடவில்லை.

போன ஆனிக் காற்றில் மைதானத்துக் குல்மோகரின் கிளை முறிந்து தொங்கியது. அதன் கீழேதான் துர்கா பூஜைப் பந்தலுக்கு முதல் மூங்கிலை நட வேண்டும். நல்ல நேரம் பதினொரு மணியோடு முடிகிறது. பூஜைக் கமிட்டியில் நான் ஒருவன்தான் தமிழன். உங்கள் ஊர்ப் பெண்ணிடம் சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்கள் என்று காலையிலிருந்து என் பிராணனை வாங்கினார்கள்.

அன்று ஏற வேண்டியவன் மது. அவன் எடைக்கு நாலு வாளி மணல் என்று சொல்லிவிட்டு, ஷியாமளா கயிறுகளைச் சோதிக்கப் போனாள். மூட்டை நிரப்பும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. மணல் கேட்டுக்கு வெளியே கிடந்தது. இரண்டு வாளிக்குமேல் சுமக்கப் பொறுமையில்லை. மீதிக்கு உதிர்ந்த இலைகளை அடைத்து வாயைக் கட்டினேன்.

"நாலு வாளியும் போட்டாச்சும்மா" என்றேன்.

அன்று இறக்கும் முறை தினேஷ்குமாருடையது. அவன் ஏறி, மூட்டையை வெறுங்கையால் தூக்கிக் கொக்கியைக் கழற்றி, ஆறே நிமிடத்தில் இறக்கினான். பாரம் தூக்கும் கப்பியைத் தொடவே இல்லை. சுமை லேசாக இருந்தால் யார் புகார் சொல்வார்கள்?

அடுத்து மது ஏறினான். வெட்டிய கிளை சுழன்று வந்து அவன் தோளில் மோதியது. கை விளங்காமல் வாரில் தொங்கினான். தினேஷ் கப்பியைக் கீழேயே விட்டுவிட்டு ஓடி ஏறி, மூட்டையைத் தூக்கியதுபோலவே மதுவைத் தூக்கப் பார்த்தான். மது ஓர் அங்குலம்கூட எழும்பவில்லை. காலை மடக்கி நீட்டு என்று மதுவிடம் ஷியாமளா இந்தியில் சொல்லிக்கொண்டே கப்பியைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினாள். மதுவின் கால்கள் கொஞ்ச நேரம் அசைந்தன. பிறகு அசையவில்லை.

பதினாலாவது நிமிடத்தில் இறக்கினார்கள். சாயங்காலம்தான் மது ஆஸ்பத்திரியில் தெளிவாகப் பேசினான்.

வராந்தாவில் ஷியாமளா அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். தவறு யாருடையது என்ற இடத்தில் தினேஷின் பெயர் இருந்தது; கப்பியை மறந்தவனை இனி இந்த வேலைக்கு வைக்கக் கூடாது என்று எழுதியிருந்தாள். நான் உட்கார்ந்து இலைகளைப் பற்றிச் சொன்னேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"எடை போட்டுப் பாக்காம உங்கள நம்புனது எந் தப்பு, அண்ணாச்சி" என்றாள்.

தினேஷின் பெயரையும் அந்த வரியையும் அடித்தாள். அவன் பெயர் இருந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள்.