தங்கையின் நிச்சயத்தில் கேட்ட குரல்

அந்தக் குரல் ஒலிபெருக்கியில் வந்தபோது நான் மேடையோரம் புகை மெஷினைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

தங்கைக்கு அன்று நிச்சயதார்த்தம். திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் ஒரு சின்ன மண்டபம். மேடை அலங்காரம் என் யோசனை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். விண்வெளிக் கதை எது கிடைத்தாலும் விடமாட்டேன்; கல்பாக்கத்துக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸிலும் போனில் அதுதான். அதனால் பேனரில் தங்கையும் மாப்பிள்ளையும் விண்வெளி உடையில் நிலாவில் நின்றார்கள். அப்பா பார்த்துவிட்டு, "இன்னாடா இது, ரெண்டு பேரும் கேஸ் சிலிண்டர மாட்டிகினு கீறாங்க?" என்றார்.

கீபோர்டுக்காரர் ராக்கெட் கிளம்புவதுபோல் ஒரு சத்தம் எழுப்பினார். அறிவிப்பாளர் வயர் இல்லாத மைக்கில், "இப்ப நிலாலேர்ந்து ஒரு குரல் நம்ம ஜோடிய வாழ்த்தப் போவுது!" என்று சொல்லி மைக்கை அணைத்தார். என் நண்பன் பேசிப் பதிவு செய்த வாழ்த்தை லேப்டாப்பில் போட வேண்டும். அதற்குள்,

"கட்டிலு மேல படுத்தவரு காட்டுக்குப் போறாரு, கூட வந்த சொந்தமெல்லாம் வூட்டுக்குப் போறாங்கோ..."

சாவு கானா. பின்னாலேயே மேளம்.

அறிவிப்பாளர் பதறிப்போய் மைக்கை மறுபடி ஆன் செய்ததும் பாட்டு நின்றது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார்.

"தட்டு மாத்துறதுக்கு முன்னாடியே சாவுப் பாட்டு. இதுக்கு மேல இன்னா வோணும்? கெளம்புங்க."

தங்கை என்னையே பார்த்தாள்.

சவுண்ட் சர்வீஸ்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணாத்த, பின்தெருவுல ஒரு சாவு. அங்கயும் நம்ம செட்டுதான். ரெண்டையும் ஒண்ணா வாங்குனேன், ஒரே அலைவரிசை போலகீது. நம்ம மைக்க ஆஃப் பண்ணா அவங்க பேசறது இங்க வருது."

அதையே மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொன்னேன். "அத்தே, அது வெறும் அலை..."

"அலய நாங்க மகாபலிபுரத்துல டெய்லி பாத்துகினுதான் கீறோம்," என்றார் மாப்பிள்ளையின் மாமா.

"அஞ்சு நிமிசம் அந்த மைக்க ஆஃப்லயே வையி," என்று சவுண்ட் சர்வீஸ்காரரிடம் சொல்லிவிட்டுப் பின்தெருவுக்கு ஓடினேன்.

பந்தலில் ஐஸ் பெட்டி, அதன் தலைமாட்டில் ஒலிபெருக்கி. நான் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதுமே இறந்தவரின் மகன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "நீங்கதானா அது? நைனாவ பெட்டில வெச்சிகினு அழுதுகினு கீறோம், 'மாப்ள வூட்டாரு ஜூஸ் குடிக்க வாங்க'ன்னு கூப்புட்றீங்கோ!"

"நல்லவேள, கெழவன் எழுந்து போவல," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இறந்தவரின் மனைவி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தங்கச்சியின் நிச்சயதார்த்தம் நின்றுவிடும் என்று முழுதும் சொல்லி முடித்தேன். பிறகு அந்த அம்மாவே கானா பாடுகிறவரைப் பார்த்து, "அந்த மைக்க இந்தப் புள்ளகிட்ட குடு," என்றார்.

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசினேன். "அத்தே, நான்தான். பொண்ணோட அண்ணன். சாவு வூட்டுலேர்ந்து பேசறேன். அங்க நான் இல்ல, ஆனா நான் பேசறது அங்க கேக்குது பாருங்க, அந்தப் பாட்டும் இப்டிதான் வந்துச்சு. வேற ஒண்ணுமில்ல அத்தே. தங்கச்சிய வுட்டுட்டுப் போயிடாதீங்க."

மைக்கை அணைத்தேன். வேற்றுக் கிரகத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருப்பவர்களைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். அவர்களில் ஒருவரும் இப்படி ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பதிலுக்குக் காத்திருந்ததாக யாரும் எழுதவில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. இறந்தவரின் தலைக்கு மேலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"கேக்குது, கேக்குது. சாவு வூட்டுக்குப் போயிட்டு அப்டியே வந்துடாத. தலைக்குத் தண்ணி ஊத்திகினு வா. பொண்ணோட அண்ணன் இல்லாம தட்டு மாத்த முடியுமா?"

பந்தலே ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தது. கானா பாடுகிறவர் என்னிடமிருந்து மைக்கை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெறும் தொண்டையில் பாட ஆரம்பித்தார். இறந்தவரின் மகன் தெருமுனை அடிபம்பைக் காட்டி, "அங்கியே ஊத்திக்கோ தம்பி, நேரமாவுது," என்றார்.

புதுச் சட்டையோடு பம்படியில் குனிந்து உட்கார்ந்தேன். அவரே அடித்தார். சொட்டச் சொட்ட மண்டபத்துக்கு ஓடினேன்.