அரிசி கார்டுக்கு எழுதிய காவியம்

நான் எழுதிய மனு ஒன்று ஒரு பெண்ணுக்கு வரவேண்டிய ரேஷன் கார்டைக் கெடுத்தது. தாம்பரத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸ் வாசலில், சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக உட்கார்ந்து மனு எழுதிப் பிழைத்தவன் நான். எண்பதுகளில் நடந்தது. அப்படிப்பட்ட வாசலில் கால் கடுக்க நின்றவர்களுக்குச் சொன்னால் விளங்கும்.

கண்ணீர் மனு

அந்தப் பெண் கீழ்க்கட்டளையில் ஒற்றை அறையில் மகளோடு இருந்தாள். ஆண்கள் வந்து போகும் பிழைப்பு. ஒளிக்காமல் சொன்னாள். குடியிருப்பதாக எழுதித் தர வீட்டுக்காரன் மறுத்துவிட்டான். அதனால் கார்டு இல்லை. வெளிக்கடை அரிசி கட்டுப்படியாகவில்லை.

எனக்குக் கை அரித்தது. சினிமாவில் பார்த்ததையெல்லாம் இறக்கினேன். 'காதலனால் கைவிடப்பட்டு, சேற்றில் விழுந்த மல்லிகையாய், இரவெல்லாம் சிரித்துப் பகலெல்லாம் அழும் அபலை.' அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. யாருக்குமே காட்டுவதில்லை, கட்டைவிரல் வைத்ததும் அடுத்த ஆள். பக்கத்தில் உட்கார்ந்து எழுதும் தேவராஜ் வாங்கிப் படித்தான்.

"இன்னா எழுத்துய்யா! எனக்கே அழுகை வருது."

விசாரணை

பத்து நாளில் வந்து நின்றாள். மனுவை ஆபீசில் உரக்கப் படித்துச் சிரித்தார்களாம். விசாரணைக்கு வந்தவன் அடுப்பைப் பார்க்கவில்லை, அரிசி டின்னைப் பார்க்கவில்லை. நேரே போய்க் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். எழுந்து போகச் சொன்னாள். கார்டு கிடையாது என்று எழுதிவிட்டான்.

"யாருண்ணா அந்தக் காதலன்? என் புருஷன் டைபாய்டுல செத்தான். பகல்ல நான் அழறதில்ல, துணி தோச்சிகினு கீறேன். கார்டு கேட்டா ஆள் பாக்க வரான்."

நாலு வரி

இந்தத் தடவை அவள் சொன்னாள், நான் எழுதினேன். மூன்று வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன். நானும் மகளும் இரண்டு பேர். அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம். அதற்கு அடியில் இஸ்திரி போடும் அக்காவிடமும் பால்காரரிடமும் கையெழுத்து வாங்கி வருவதாகச் சொன்னாள்.

'தொழில்' என்ற இடத்தில் என் பேனா நின்றது.

"கூலின்னு போடுண்ணா. ஒடம்பு நோவுது, சோறு வருது. வேற இன்னா?"

போட்டேன். மை டப்பாவை நீட்டினேன். கையை இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல படிச்சுக் காட்டு. அப்பால விரல் வைக்கிறேன்."

கார்டு வந்தது. இருபது வருஷம் மனு எழுதியவனுக்கு மனு எழுதக் கற்றுக்கொடுத்தவள், எழுதப் படிக்கத் தெரியாத பத்மா.