எழுந்து நின்றவர்

தீவின் ஜங்லிகாட் பகுதியில் எங்கள் குடும்பத்திலிருந்து ஆபீஸ் வேலைக்குப் போன முதல் ஆள் நான். டைப்பிஸ்ட் வேலை, தற்காலிகம்தான். அதே வேலைக்கு எங்கள் ஆபீஸ் ஸ்டோர்கீப்பர் தன் மச்சினியைக் கொண்டுவரப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் நான் உள்ளே வந்தால், ஸ்டோரின் மண்ணெண்ணெய் வாசத்தோடு அவர் ஒருவர்தான் எழுந்து நிற்பார். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"எனக்கு எதுக்கு சார் எழுந்திரிக்கிறீங்க? நக்கலா?"

"அரே பஹன்ஜி, படா சாப், நம்ம பெரிய ஆபீசர், வந்தாலும்தான் எழுந்திரிக்கிறேன். அவரு கேக்குறதில்லயே!"

"என் வேலை உங்க மச்சினிக்கு வேணுமாமே?"

"வேணும்தான். அதுக்காக உக்காந்தே இருக்கணுமா?"

கடைசியில் வேலை எனக்கே நிரந்தரமானது. அன்று காலையும் அவர் எழுந்தார். முகத்தை உற்றுப் பார்த்தேன். கசப்பே இல்லை. அது எப்படி முடியும் என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.