கிளிப் செய்த ஓடை

ஏழுமலை எங்கள் அலுவலகத்துக்குள் வந்தபோது அவருக்கு முழங்கால் வரை சேறு. வில்லியனூர்ப் பக்கத்து விவசாயி. அறுப்புக்கு நின்ற நெல் மூன்று நாளாகத் தண்ணீரில் கிடந்தது. தண்ணீர் வடிய வேண்டிய ஓடையில் மனை போடுகிறவர்கள் மண்ணைக் கொட்டியிருந்தார்கள்.

"கேட்டா, மேப்புல ஓடையே இல்லன்றான். இந்த ஆபீஸ் மேப்பாம். நீங்கதான் போட்டீங்களாமே?"

நான்தான் போட்டேன்.

செயற்கைக்கோள் படத்தை வைத்து சங்கராபரணி ஆற்றுப் படுகையின் மேடு, பள்ளம், ஏரி, ஓடை எல்லாம் குறிக்கும் வேலை. நம் ஊர் ஒரே துண்டாகவா இருக்கிறது? பத்து நிமிடம் பஸ்ஸில் போனால் தமிழ்நாடு வரும், போகும், மறுபடி வரும். ஓடையும் அப்படித்தான். எந்த ஓடையில் எவ்வளவு தண்ணீர் சேரும் என்று கணக்குப் போடுவதற்கு முன்பே எங்கள் அதிகாரி சொல்லிவிட்டார்:

"நம்ம பார்டரோட கிளிப் பண்ணிடுங்க மேடம், வெளிய இருக்கறத வெட்டிடுங்க. அவங்க ஏரியா நமக்கு எதுக்கு?"

"சார், அங்கேருந்து வர்ற கிளை எல்லாம் அறுந்துடும். பெரிய ஓடையக் கூட கம்ப்யூட்டர் குட்டி ஓடைன்னு காட்டும்."

"குட்டி ஓடையெல்லாம் எடுத்துடுங்க. மேப்பு நீட்டா இருக்கும்."

நீட்டாம்! அந்த வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அன்று முணுமுணுத்துக்கொண்டே வெட்டியவள் நான். பக்கத்திலேயே மூலக்குளத்தில் குடியிருந்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துப்போய் அந்த ஓடையை நேரில் பார்க்கத் துப்பில்லை எனக்கு.

ஏழுமலையோடு போய்ப் பார்த்தேன். ஒரு லாரி தாராளமாக இறங்கும் அகலம். இதைத்தான் இல்லை என்று எழுதியிருக்கிறோம்.

திரும்பி வந்து, எல்லைக்கு அப்பாலும் சேர்த்துப் படுகை முழுவதையும் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஓடை வந்துவிட்டது. அதிகாரி புதுப் படத்தைப் பார்த்தார்.

"அப்டேட் பண்ணியாச்சுன்னு போடுங்க. தப்புன்னு மட்டும் போட்றாதீங்க."

'முந்தைய வரைபடம் தவறு, இங்கே ஓடை உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நகலை ஏழுமலையிடம் கொடுத்தேன். எனக்கு மெமோ வந்தது. வரட்டும். அந்தத் தாளைக் காட்டித்தான் அவர் மண்ணை அள்ள வைத்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எல்லாக் கணக்கும் முடிந்த பிறகு எல்லையோடு வெட்டுங்கள். முதலிலேயே வெட்டச் சொன்னால், முடியாது என்று அப்போதே சொல்லுங்கள். நான் சொல்வதற்குள் நெல் கதிரிலேயே முளைத்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் ஏழுமலை அறுக்காமல், மேயட்டும் என்று வயலில் மாட்டை அவிழ்த்துவிட்டார்.